அதிகம் அறியப்படாத எழுத்தாளரின் பேய்க்காதல் நாவல்: தேடுவதும் வாசிப்பதும்

திருவல்லிக்கேணி பாரதி சாலையில், பலர் இன்னமும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே சொல்லும் அந்தத் தெருவில், பழைய மாத நாவல்களை எழுத்தாளர் பெயர் வரிசையிலும் அடுக்க மாட்டார்கள், ஆண்டு வரிசையிலும் அடுக்க மாட்டார்கள். கட்டு சாயாமல் நிற்க எது தோதோ அந்த வரிசையில்தான் அடுக்குவார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டிலிருந்து, வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணும் அவளுக்குப் பின்னால் ஒரு பங்களாவும் வரைந்திருந்த அட்டைக்காக மட்டுமே நான் உருவிய நாவலின் ஆசிரியர் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் வாசித்தேன்; கதாநாயகி மாடியறையின் பூட்டைத் திறக்கும் இடத்தில் பக்கங்கள் தீர்ந்துபோயின. கடைசி ஃபாரம், அதாவது ஒரே தாளாக அச்சிட்டு மடித்த பதினாறு பக்கக் கட்டு, முழுவதும் கம்பியிலிருந்து கழன்று எங்கோ விழுந்திருந்தது.

அந்தப் பதினாறு பக்கங்களைத் தேடி அலைந்தபோது கற்றுக்கொண்டவற்றையே இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். அந்த எழுத்தாளரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் நீங்கள் அவரைத்தான் தேடுவீர்கள். இக்கட்டுரையோ உங்களுக்கான ஒருவரை நீங்களே கண்டெடுப்பதற்கு உதவ வேண்டும் என்று எழுதப்படுவது.

தேடுவதற்கு முன்

பேயும் காதலும் ஒரே கதையில் வருவது விற்பனைக்காக மாத நாவல்காரர்கள் செய்த கலவை என்று புதிய வாசகர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தோடு உட்கார்ந்தால், காதல் வரும் பக்கங்களை வெறும் இட்டுநிரப்பலாகக் கருதிப் புரட்டித் தள்ளிவிடுவீர்கள். துப்பு பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும். முதற் குலோத்துங்க சோழனின் கலிங்கப் போரைப் பாடும் கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு போர்க்களத்துக்குப் போய்விடுவதில்லை. ஊடிக் கதவடைத்துக் கிடக்கும் பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் 'கடை திறப்பு' முதலில் வருகிறது. அடுத்து வெயிலில் வெந்து கிடக்கும் காடு, அதற்கடுத்துக் காளியின் கோயில், பிறகு பேய்கள். காதலின் வாசலிலிருந்து பேய்களின் காட்டுக்கு வர அவருக்கு நெடுந்தூரம் தேவைப்படவில்லை.

இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு, சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டி நிற்கிற திருவாலங்காட்டில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்று, இறைவன் ஆடும் காட்டைப் பாடிய தலம் அது. அதை ஒட்டிய பழையனூரில்தான் நீலி கதையும் நடக்கிறது. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்" என்று ஊர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் அவளை நம்பி, வணிகனின் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து அவனை அவளுடன் அனுப்பிவைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்க, சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. பேய் இங்கே இரத்தத்தை மட்டும் கேட்கவில்லை, மனைவி என்ற இடத்தையும் கேட்கிறது. மர்மம் ஒரு வழக்காக நடக்கிறது. யார் சொல்வது உண்மை என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் பார்ப்பதை வைத்துத் தீர்மானித்து ஏமாறுகிறார்கள். நீங்கள் வாசிக்கப்போகும் மாத நாவலை எழுதியவர் இதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, அவர் கையாள்வது இந்தச் சரக்கைத்தான்.

ஆசை தீராமல் போனவர்களே பேயாக அலைகிறார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை. ஆகவே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் போதும்: இக்கதையில் பேயை அலையவைக்கும் ஆசையும் காதலர்களைச் சேர்த்துவைக்கும் ஆசையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவையா, அல்லது இரண்டு கதைகளை ஒரே பசையால் ஒட்டியிருக்கிறார்களா?

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

அதிகம் அறியப்படாதவர் என்பதற்கு மோசமாக எழுதியவர் என்று பொருள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்களுக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகி அம்மாள் அதில் எழுதிய நாவல்களுக்கும் அப்படித்தான். இன்று அவர்களை வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1969இல் ராணி முத்து வந்து மாதம் ஒரு நாவல் என்னும் வழக்கம் வேரூன்றிய பின், பெட்டிக்கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கிய இதழ்களில் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அவர்களில் ராஜேஷ்குமார், ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன் போன்ற சிலரின் பெயர்களே வீடுகளில் தங்கின. பேய்க்கதைகளுக்காகவே ஒருகாலத்தில் தேடி வாசிக்கப்பட்ட பி.டி. சாமியின் பெயரைச் சொன்னால்கூட, அறுபது வயதைத் தாண்டியவர்களின் முகத்தில்தான் இப்போது வெளிச்சம் வருகிறது.

புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு நாவலை வைத்து எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒருவரின் இரண்டு நாவல்களாவது கையில் கிடைக்கும்வரை காத்திருங்கள். மாத நாவல் எழுத்தாளர்கள் கெடுவுக்கு எழுதியவர்கள், அவசரத்தில் எழுதிய ஒன்று உங்களிடம் முதலில் சிக்கிவிட்டால் அவரை அநியாயமாக ஒதுக்கிவிடுவீர்கள். கடையில் நின்றபடியே முதல் இரண்டு பக்கங்களையும், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் வாசியுங்கள். முதல் பக்கம் எல்லாருக்கும் நன்றாக வரும். நடுப்பக்கத்தில் இரண்டு பேர் வெறுமனே பேசிக்கொண்டிருக்கும்போதும் உங்கள் கண் வரியை விட்டு நகராமல் இருந்தால் வாங்கிவிடலாம்.

ஊரை அறிந்து எழுதியிருக்கிறாரா என்பது என்னுடைய சொந்த உரைகல். கோடம்பாக்கத்து மாடியில் படுத்திருக்கும் கதாநாயகிக்கு அலையோசை கேட்டால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். பேய் எங்கு வேண்டுமானாலும் வரலாம், கடல் வர முடியாது. மாறாக, அடையாற்றின் முகத்துவாரத்தில் பாதியில் நிற்கும் உடைந்த பாலத்துக்கு மாலையில் நடந்துபோகிறவர்களின் காலில் மணல் எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் சொல்லப்போகும் ஆவியையும் நம்பத் தயாராகிவிடுவேன்.

படிகள் கிடைக்கும் இடங்கள்

பழைய புத்தகக் கடைகளைப் பற்றிச் சொன்னேன். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு அங்கிருந்த வியாபாரம் பல இடங்களுக்குச் சிதறியது. திருவல்லிக்கேணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது. பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி யாரும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். "பேய்க்கதை மாத நாவல், பழசு" என்று கேளுங்கள்; உள்ளேயிருந்து ஒரு கட்டு வெளியே வரும். ஜனவரியையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியிலும், 1977இலிருந்து நடந்துவரும் அந்தக் கூட்டத்தில், பெரிய அரங்குகளைவிட ஓரத்திலிருக்கும் சிறு பதிப்பகங்களின் மேசைகளில்தான் மறுபதிப்புகள் அகப்படும்.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் நூலகத்தில் பார்த்துவிடுவது சிக்கனம். எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களின் ஒரு படியைப் பெறும் நான்கு களஞ்சிய நூலகங்களுள் ஒன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டும் என்பதால் எல்லாரும் அனுப்பியிருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அச்சுப் பொருள்களை அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. பெரிய நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் அவர் சேர்த்துவைத்திருந்ததால்தான் பழைய வெகுசன நாவல்களைத் தேடுபவர்களுக்கு அது கோயில் போல இருக்கிறது. அங்கே நூலை இரவல் தர மாட்டார்கள், உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்று படிக்கவும் தனிப் பகுதி உண்டு; கூட்டுக் குடும்பத்தில் பேய்க்கதை வாசிக்க முடியாதவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். வாடகை நூலகங்கள், அதாவது நாம் லெண்டிங் லைப்ரரி என்று சொல்பவை, குறைந்துவிட்டன என்றாலும் ஒன்று பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள். மூன்று நான்கு மாத நாவல்களைச் சேர்த்துத் தடித்த அட்டை போட்டுத் தைத்த தொகுப்புகள் பழைய லைப்ரரிகளில் கிடைக்கும்.

இணையத்தில் தேடுபவர்கள் காப்புரிமையை நினைவில் வைக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்த பின்னரே நூல் பொதுவுடைமையாகிறது. 1942இல் மறைந்த வடுவூராரையும் 1960இல் மறைந்த கோதைநாயகி அம்மாளையும் தயக்கமின்றி இறக்கி வாசிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பழைய நூல்கள் பல இருக்கின்றன. எண்பதுகளில் எழுதியவர் அப்படி இல்லை. அவர் இன்று ஏதோ ஒரு புறநகர் வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கேன் படி அவருக்கு ஒரு காப்பிக் காசும் தராது. கிண்டிலில் மின்னூலாக இருந்தால் அதை வாங்கிவிடுங்கள்.

பெயர்ச் சிக்கல்

ஒரு எழுத்தாளரைப் பிடித்துவிட்ட பிறகு அவருடைய மற்ற நூல்களைத் தேடும்போது பெயரே முதல் மர்மமாகிவிடும். தமிழில் ஆண்கள் பெண் பெயரில் எழுதுவது வெகுகாலப் பழக்கம். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவில் எழுதினார், ஸ்ரீவேணுகோபாலன் சமூக, மர்ம நாவல்களைப் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் எழுதினார். உங்கள் எழுத்தாளரும் காதல் கதைக்கு ஒரு பெயரும் பேய்க்கதைக்கு வேறொரு பெயரும் வைத்திருந்திருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க நடையைத்தான் நம்ப வேண்டும்: ஒரே உவமை, ஒரே ஊர், வேலைக்காரக் கதாபாத்திரத்துக்குத் திரும்பத் திரும்ப ஒரே பெயர். நூலகப் பட்டியலில் தலைப்பெழுத்தோடும் தலைப்பெழுத்து இல்லாமலும், கிரந்த எழுத்தோடும் கிரந்தம் நீக்கியும் தேடிப்பாருங்கள். தலைப்புகளையும் முழுமையாக நம்ப வேண்டாம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது ஒரு தலைப்பும் புத்தகமானபோது வேறொரு தலைப்பும் வைப்பதுண்டு. கதாநாயகி பெயரையும் முதல் வரியையும் குறித்துவைத்திருந்தால் ஒரே நாவலை இருமுறை வாங்க மாட்டீர்கள்.

வாசிக்கும்போது

பெயர்பெற்ற எழுத்தாளரை வாசிக்கும்போது அவர் ஏமாற்ற மாட்டார் என்ற நம்பிக்கை நம்மைக் கொண்டுபோகும். அறியாதவரிடம் அந்தக் கைப்பிடி கிடையாது. ஆகையால் ஒரு நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் பேயால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று கதை காட்டுவதை எழுதுங்கள்: கதவைத் திறக்கிறதா, பேசுகிறதா, ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா, வாசல்படியைத் தாண்டுகிறதா. இரண்டாம் கட்டத்தில் அதை நேரில் பார்த்தவர் யார், பார்த்ததாகக் கேள்விப்பட்டவர் யார் என்று பிரியுங்கள். மூன்றாம் கட்டம் முக்கியமானது: அந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று எல்லாரும் நம்புவதால் யாருக்கு லாபம்? ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கு நேராகவும் ஏதாவது ஒன்றை எழுதுங்கள், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவருக்கும் சேர்த்து.

இந்த மூன்று கட்டங்களும் எப்படி நிரம்பும் என்பதைக் காட்ட, எந்த நாவலிலும் இல்லாத ஒரு பத்தியை நானே எழுதித் தருகிறேன்.

"தேன்மொழி அந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் கவனித்தாள், கொல்லைக் கிணற்றின் ராட்டினத்தில் கயிறு இல்லை. ஆனால் விடிவதற்கு முன் தண்ணீர் இறைக்கும் ஓசை கேட்கிறது. மாமியாரிடம் அதைச் சொன்னபோது, அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், 'அந்தத் தண்ணி உப்பு. யாரும் எடுக்கிறதில்லை' என்றார். அன்று கணவன் குளித்துவிட்டு வந்து நின்றபோது, ஈரம் காய்ந்த அவன் தோளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது."

நான்கைந்து வாக்கியங்கள்தாம். கயிறில்லாத ராட்டினம் பேய்க்கான முதல் விதியைத் தருகிறது: ஒன்று, இறைப்பவளுக்குக் கயிறு தேவையில்லை, அல்லது, யாரோ கயிற்றைக் கொண்டுவந்து இறைத்துவிட்டு எடுத்துப்போகிறார்கள். இரண்டுக்கும் இடம் வைத்தே எழுதப்பட்டிருப்பதால் இந்தக் கட்டத்தில் நீங்கள் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. மாமியாரின் பதிலைப் பாருங்கள். ஓசையைப் பற்றி மருமகள் கேட்டாள், அவரோ சுவையைப் பற்றிச் சொல்கிறார். கேட்காத கேள்விக்கு வரும் பதிலை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; நல்ல மர்ம எழுத்தாளர்கள் துப்பை ஒளித்துவைக்கும் இடம் அது. கண்ணை முறத்திலிருந்து எடுக்கவில்லை என்பதை ஆசிரியர் வேலை காட்டுவதற்காக எழுதவில்லை.

கடைசி வாக்கியத்தில்தான் இந்த வகை நாவலின் முழு வித்தையும் இருக்கிறது. மூன்று நாள் புதுமணப்பெண் கணவனின் தோளைப் பார்க்கிறாள், அது காதல். அதே பார்வையில் உப்பைக் காண்கிறாள்; அது சந்தேகம். இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது. இனி அவள் அவனை எவ்வளவு நெருங்குகிறாளோ அவ்வளவு கிணற்றையும் நெருங்குவாள். யாரும் எடுக்காத தண்ணீரில் அவன் ஏன் குளிக்கிறான், யார் இறைத்து ஊற்றுகிறார்கள், அந்தக் கிணற்றில் முன்பு விழுந்தவள் அவனுக்கு யார் என்ற கேள்விகளெல்லாம் தாம்பத்தியத்தின் கேள்விகளாகவே வரும். இதற்கு மாறாக, காற்றே இல்லாமல் ஜன்னல் படபடவென்று அடித்து, கரண்ட் போய், பூனை ஒன்று குறுக்கே பாய்ந்து, பிறகு அடுத்த அத்தியாயத்தில் இருவரும் ஊட்டிக்குத் தேனிலவு போகிறார்கள் என்றால், அங்கே காதலும் பேயும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்யும் முன்பின் தெரியாதவர்கள்.

பேய் எந்த வகை என்பதையும் முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். பழைய துப்பறியும் கதைகளில் பேய் பெரும்பாலும் ஆள்வேலையாக முடியும். பங்களாவை யாரும் நெருங்காமல் இருக்கக் கள்ளக்கடத்தல்காரனோ சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பாவோ கிளப்பிவிட்ட புரளியாக இருக்கும். அமானுஷ்ய நாவல்களில் பேய் உண்மையாகவே இருக்கும். அங்கே மர்மம் என்பது அது யார், ஏன் வந்தது என்பதே. மூன்றாவது வகை அரிது: கடைசிவரை இரண்டில் எதுவென்று சொல்லாமல் விடுவது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' நடுநிசியில் வரும் ஒரு நாற்றத்தை வைத்துக்கொண்டே அப்படிச் செய்கிறது. மாத நாவலுக்குள் நுழைவதற்கு முன் அந்தச் சிறுகதையை ஒருமுறை வாசித்துவிட்டால், எவ்வளவு குறைவாகச் சொல்லிப் பயமுறுத்த முடியும் என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

வாசிக்கும் வேகம் பற்றி ஒரு சொல். தொடர்கதையாக வந்த நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைக் கட்டிவைப்பதற்காகத் திடுக்கிடலில் முடியும். அதை ஒரே இரவில் படித்தால் பத்தாவது அலறலில் சிரிப்பு வந்துவிடும், அது ஆசிரியரின் குற்றம் ஆகாது. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டும் முடிந்துவிடும். மாத நாவலாகவே எழுதப்பட்டதை மட்டும் ஒரே அமர்வில் படியுங்கள், அது அப்படிப் படிக்கப்படவே எழுதப்பட்டது. நூறாண்டுக்கு முந்தைய நூல்களில் ஜாகை, கடியாரம், துரைஸானி போன்ற சொற்களுக்கும் பக்கக்கணக்கில் நீளும் வாக்கியங்களுக்கும் பயப்பட வேண்டாம். முதல் முப்பது பக்கங்களுக்குப் பிறகு காது பழகிவிடும்.

காதலைச் சோதித்தல்

பேயைச் சோதிப்பதைவிட இது கடினம். அறுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுதப்பட்ட காதல் பலவற்றில், நாயகன் அறைவதும், வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போவதும், வேண்டாம் என்ற பெண்ணை விடாமல் துரத்துவதும் அன்பின் அடையாளமாக எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்டு நூலை வீசிவிடுவதும் உங்கள் உரிமை, காலத்தைக் கருதிப் பொறுத்துக்கொள்வதும் உங்கள் உரிமை. நான் செய்வது வேறு. பேயாக வருபவள் யார் என்று பார்ப்பேன். பெரும்பாலும் அவள் பண்ணைவீட்டில் வேலைசெய்த ஏழைப்பெண்ணாக, நம்பவைத்துக் கைவிடப்பட்டவளாக இருப்பாள். உயிரோடு இருக்கும் நாயகிக்கு நாயகன் செய்வதும், செத்துப்போனவளுக்கு அவன் தாத்தா செய்ததும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதை ஆசிரியர் தெரிந்து எழுதியிருக்கிறாரா, தெரியாமல் எழுதியிருக்கிறாரா? தெரிந்து எழுதியவர் என்றால் அவர் பெரிய எழுத்தாளர், அவரை யாருக்கும் தெரியாவிட்டாலும். தெரியாமல் எழுதியிருந்தால் பேய் அவரை மீறிக்கொண்டு அதைச் சொல்லிவிடும். சில நாவல்களில் அந்தக் காட்சியே நூலைக் காப்பாற்றுகிறது.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. நாவலை முடித்த மறுநாள், கதையைப் பேயே இல்லாமல் வீட்டில் யாருக்காவது சொல்லிப்பாருங்கள். காதல் கதை எந்தச் சேதமும் இல்லாமல் நின்றால் பேய் ஒட்டவைக்கப்பட்டது. என் மாமியாரிடம் இப்படி ஒரு கதையைச் சொன்னபோது பாதியிலேயே அவர், "அந்தப் பொண்ணு ஏன் மாடிக்கே போகமாட்டேங்கிறா?" என்று கேட்டார். பேயை நான் எடுத்த இடத்தில் ஓட்டை தெரிந்தது. அது நல்ல நாவல்.

கடைசி அத்தியாயம்

கடைசி அத்தியாயத்துக்கு முன் நிறுத்தி, உங்கள் ஊகத்தைப் பென்சிலால் பின்னட்டையின் உட்புறத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். சொந்தப் புத்தகத்தில் மட்டும். தவறாக ஊகித்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, எந்தத் துப்பை விட்டீர்கள் என்று பின்னால் போய்ப் பார்க்கத்தான் அது. பேய்க்காதல் நாவலுக்கு இரண்டாம் வாசிப்பு தேவை; முதல் முறை பேய்க்காக, இரண்டாம் முறை அது யாருடைய கண்ணில் முதலில் பட்டது என்பதற்காக.

நான் ஊகத்தை எழுதிவைத்து ஒன்றரை ஆண்டு கழித்து, அதே நடைபாதையில், அட்டையே இல்லாத ஒரு படி அகப்பட்டது. முதல் பத்து பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. கடைசி ஃபாரம் முழுசாக இருந்தது. இருபது ரூபாய். மாடியறையில் இருப்பது நாயகனின் முதல் மனைவி என்று நான் எழுதியிருந்தேன். பூட்டைத் திறந்து பார்த்தால் அறை காலி. தரையில் ஈரம் காயாத கோலம் மட்டும் இருந்தது. வீடு திரும்பி நோட்டை எடுத்துப் பார்த்தபோது, மூன்றாம் கட்டத்தில் எல்லாப் பெயருக்கு நேரேயும் ஏதோ எழுதியிருந்தேன், அத்தியாயத்துக்கு ஒருமுறை வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் போன அண்ணியின் பெயரைத் தவிர. அவளை ஒரு பாத்திரமாகவே நான் எண்ணியிருக்கவில்லை. இப்போது முதல் படியின் உடலையும் இரண்டாம் படியின் கடைசிப் பதினாறு பக்கங்களையும் கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறேன். பென்சிலில் எழுதிய ஊகம் அழிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது.

ஆகவே நடைபாதையில் பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரு வேலை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, மேலேயுள்ள வரிகள் கண்ணில் படாதவாறு உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அடியில் 'முற்றும்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.